மல்லாவியில் 92 சீலிங் சீற்றுகள்: கறையை மூடினோம், துளையை விட்டுவைத்தோம்

எங்கள் சனசமூக நிலையம் இலங்கையின் வடக்கே, முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவியில் இருந்து வவுனிக்குளம் போகிற பக்கம், காட்டோரமாக இருக்கிறது. போர் முடிந்து மீள்குடியேறிய பிறகு கட்டிக் கிடைத்த மண்டபம். 24 அடி நீளம், 16 அடி அகலம். மேலே ஓடு. ஓட்டுக்குக் கீழே தகரச் சட்டம் தொங்கவிட்டு, அதில் இரண்டடிக்கு இரண்டடி சதுரச் சீலிங் சீற்றுகள் அடுக்கியிருக்கிறார்கள். காலையில் முன்பள்ளி, பின்னேரத்தில் வாசிகசாலை, சனிக்கிழமைகளில் கணினி வகுப்பு என்று ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருக்கும் இடம். என்னுடைய தொழில் வீட்டு வயறிங். நிலையத்தின் பொருளாளரும் நான்தான். அதனால் ஏணியும் என்னுடையது, கணக்கும் என்னுடையது.

அந்தச் சீலிங் முழுக்கக் கபில நிறக் கறை. முன்பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொரு கறைக்கும் பெயர் வைத்திருந்தார்கள். அலுமாரிக்கு மேலே இருந்தது ஆமை, வாசலுக்கு நேரே இருந்தது இலங்கைப் படம். 2020 டிசம்பரில் புரவிப் புயல் வந்து போன கையோடு பெரிய வளையங்கள் வந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாரிக்கும் ஒரு வளையம் கூடியது. மர வெட்டுமுகத்தில் வளையம் எண்ணுவதுபோல எண்ணலாம்.

இந்த வேலையில் முதல் கை வைத்தபோது பிழையாகத்தான் வைத்தேன். வெள்ளை எமல்சன் (தண்ணீரில் கலக்கிற பெயின்ற்) ஒரு லீற்றர் வாங்கி, றோலரை நீளத் தடியில் கட்டி, சீற்றுகளைக் கழற்றாமலே நாலு சீற்றுக்கு அடித்தேன். அடித்த அன்று பளிச்சென்று இருந்தது. இரண்டாம் நாள் காலையில் பார்த்தால் அதே வளையம் அதே இடத்தில், மங்கலான மஞ்சளாக வெளியே வந்து நிற்கிறது. இன்னொரு தரம் அடித்தேன், இன்னொரு தரம் வந்தது. அதைவிட மோசம், ஈரப் றோலர் சீற்றின் மேல்தோலை ஒரு இடத்தில் உரித்து எடுத்துவிட்டது. மூன்று பூச்சு வாங்கிய ஒரு சீற் நடுவில் தொய்ந்து போனது. பெரிய நட்டம் என்னவென்று எனக்கு அன்று தெரியவில்லை. சீற்றில் இருந்த சிறு துளைகள் எல்லாம் பெயின்றால் அடைபட்டிருந்தன.

அந்தத் துளைகளின் பெறுமதியை எனக்குக் காட்டியது கணினி வகுப்புக்கு வருகிற ஒரு தங்கச்சி. 2009 இல் பக்கத்தில் ஷெல் விழுந்து அவவுக்கு இடது காது முழுதாகப் போய்விட்டது. வலது காதுக்குக் கேட்கும் கருவி போட்டிருக்கிறா. நாலு சீற்றையும் நான் பூசிய கிழமை, "அண்ணா, எனக்கு இந்தப் பக்கம் இருந்தா ரீச்சர் சொல்லுறது விளங்குதில்ல, பின் சுவர்ப் பக்கம் பரவாயில்ல" என்று சொன்னா. நாலு சீற்றால் ஒரு மண்டபத்தின் சத்தம் அவ்வளவு மாறியிருக்காது. அந்தப் பக்கம் கண்ணாடி யன்னலும் இருக்கிறது, அதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தச் சொல் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. கேட்கும் கருவி சொல்லையும் கூட்டும், எதிரொலியையும் கூட்டும். அறை எவ்வளவு எதிரொலிக்கிறதோ அவ்வளவுக்குச் சொல்லும் சொல்லும் ஒன்றோடொன்று ஒட்டிப் போகும். நல்ல காதுள்ள எங்களுக்கு அது பெரிதாகத் தெரியாது.

இந்தச் சீற் என்ன சாமான் என்பதை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். கல்நார் (அஸ்பெஸ்ரோஸ்) இல்லை. உருக்கிய கல்லிலும் உலைக் கசட்டிலும் இழுக்கும் கனிமப் பஞ்சு, பொரித்த எரிமலைக் கண்ணாடி மணி, களிமண், பழைய பேப்பர்க் கூழ், இதையெல்லாம் பிடித்து வைக்க மாப்பசை. முகத்தில் ஊசியால் குத்தினதுபோலத் துளைகள், இடையிடையே புழு அரித்ததுபோல வெடிப்புகள். சத்தம் அந்தத் துளைகளுக்குள் போய், உள்ளே இருக்கிற பஞ்சு இடுக்குகளில் காற்றோடு உரசி, சூடாகிச் செத்துப் போகும். துளையின் வாய் மூடினால் சத்தம் உள்ளே போகாது, சுவரில் பட்டதுபோலத் திரும்பும். மாப்பசை நனைந்தால் இளகும். நனைந்த சீற் தன் பாரத்திலேயே தொய்வது அதனால்தான்.

ஒரு எச்சரிக்கையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பழைய கட்டடங்களில் சீலிங்குக்கு வழுவழுப்பான கல்நார்த் தட்டை அடித்திருப்பதும் உண்டு. துளை இல்லாமல், சீமெந்துபோலக் கெட்டியாக, ஆணி அடித்துப் பொருத்தியதாக இருந்தால் அதைச் சுரண்டவோ தேய்க்கவோ உடைக்கவோ கூடாது. அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. நான் எழுதுவது சட்டத்தில் சும்மா தூக்கி வைக்கிற, மெதுவான, துளையுள்ள சீற்றைப் பற்றி மட்டும்.

புதுச் சீற் வாங்கிப் போடலாமே என்று கூட்டத்தில் கேட்டார்கள். வவுனியாவில் விசாரித்தேன். இந்தத் துளை மாதிரி இப்போது வருவதில்லை, புதியது பெட்டிக் கணக்கில்தான் தருவார்கள். 92 சீற்றுக்கும் புதிது போட எங்கள் கணக்குப் புத்தகம் இடம் கொடுக்கவில்லை. அதோடு கெட்டியாக இருக்கிற சீற்றைக் குப்பையில் எறிய எனக்கு மனமும் வரவில்லை.

முதலில் கூரை. கறை வந்த இடத்துக்கு நேர் மேலேதான் ஒழுக்கு என்று நினைத்தால் பிழைத்துப் போகும். ஒரு பொழுதில் முகட்டுக்குப் பக்கம் ஒருவரை ஏற்றி, வாளியால் தண்ணீரை அளந்து ஊற்றச் சொல்லிவிட்டு, நான் உள்ளே சட்டத்துக்கு மேலே டோர்ச்சோடு இருந்தேன். தண்ணீர் முகட்டு ஓட்டுக்குக் கீழே நுழைந்து, கைமரத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நாலடி தூரம் வழிந்து, ஒரு சலாகை குறுக்கிட்ட இடத்தில் சொட்டியது. "ஆமை" வந்தது அப்படித்தான். ஓடுகளைக் குலைத்தவை குரங்குகள். காட்டோரத்தில் இருக்கிற கூரைகள் எல்லாவற்றுக்கும் இதுதான் பாடு. கூட்டமாக வந்து முகட்டில் பாயும், இரண்டு ஓடு நகரும், ஒன்று வெடிக்கும். முகட்டு ஓட்டைச் சாந்து போட்டு இறுக்கினோம், வெடித்த பதினாலு ஓட்டை மாற்றினோம், கூரைக்கு மேல் சாய்ந்திருந்த வேப்பங்கிளையைத் தறித்தோம். ஒரு கிழமை கழித்துத் திரும்பவும் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, உள்ளே காய்ந்தே இருந்த பிறகுதான் சீற்றில் கை வைத்தேன்.

கழற்றுவது லேசு. சீற்றை மேலே தள்ளி, ஒரு பக்கம் சரித்து, சட்டத்துக்குள்ளால் இறக்க வேண்டும். ஆனால் எது எங்கே இருந்தது என்று குறிக்காமல் இறக்கினால் திரும்பப் பூட்டும்போது பாடுதான், ஓரங்களில் வெட்டிப் பொருத்திய சீற் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. எட்டு வரிசை, பன்னிரண்டு நிரல். வரிசைக்கு அ முதல் ஏ வரை எட்டு எழுத்து கணக்காக வந்தது. நிரலுக்கு 1 முதல் 12. ஒவ்வொரு சீற்றின் முதுகிலும் பென்சிலால் "உ-4", "எ-11" என்று எழுதி, கொப்பியிலும் கட்டம் போட்டேன். 96 கட்டத்தில் நாலு லைற் பெட்டி. மீதி 92.

சீலிங்குக்கு மேலே இருந்ததைச் சொல்லாமல் விட முடியாது. இரண்டு சாக்கு நிறைய எலிப்புழுக்கை, வௌவால் எச்சம், காய்ந்த வேப்பங்கொட்டை. ஒரு மூலையில் மரநாய் படுத்த இடம். காய்ந்த எச்சத்தைத் தும்புத்தடியால் பெருக்கக் கூடாது, தூள் பறந்து மூக்குக்குள் போகும். எலி மூத்திரத்தில் இருந்து எலிக்காய்ச்சல் வரும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விசயம். றப்பர் கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, தண்ணீர் விசிறி நனைத்து, ஈரமாகவே அள்ளினோம்.

கறையிலும் இரண்டு சாதி உண்டு. மழைக் கறை கபில நிற வளையமாக, நடுவில் வெளிறி ஓரத்தில் தடித்திருக்கும். மேசையில் தேத்தண்ணிக் கோப்பை வைத்த அடையாளம் போல. தண்ணீர் கூரைத் தூசியையும் சீற்றுக்குள் இருக்கிற பழைய பேப்பரின் சாயத்தையும் கரைத்து எடுத்துக்கொண்டு பரவும். ஓரம் முதலில் காயும், உள்ளே இருக்கிற தண்ணீர் ஓரத்தை நோக்கி இழுபடும், சாயம் அங்கே போய்ச் சேரும். மரநாய்க் கறை அப்படி இல்லை. கடும் மஞ்சள், வளையம் இல்லாத திட்டு, கிட்டப் போனால் மூக்கைக் குத்தும். அந்தச் சீற்றுக்கு எதைப் பூசினாலும் மாரிக் காலத்தில் மணம் திரும்ப வரும். அப்படி மணத்த நாலு சீற்றையும் யோசிக்காமல் எரிகுழிக்கு அனுப்பினேன். மேலும், மூத்திரக் கறையில் பிளீச் தெளிக்கவே கூடாது. அமோனியாவும் பிளீச்சும் சேர்ந்தால் நஞ்சு வாயு வரும்.

நனைந்து உளுத்து, விரலால் அமத்தினால் பள்ளம் விழுந்த சீற் மூன்று. அவையும் போய்விட்டன. இதில் கண்ணை நம்ப முடியாது என்பதால் கடைத் தராசு ஒன்றை இரவல் வாங்கி ஒவ்வொன்றாக நிறுத்தேன். காய்ந்த நல்ல சீற் ஒன்று 1.4 கிலோ சொச்சம் வந்தது. பார்வைக்குக் காய்ந்ததுபோல இருந்த இரண்டு 1.6 க்கு மேலே காட்டின, உள்ளே இன்னும் ஈரம். அவற்றை விறாந்தை நிழலில், வளையாமல் இருக்கச் சமமான பலகையில் ஐந்து நாள் கிடத்தினேன். நிறை இறங்கி நின்ற பிறகுதான் எடுத்தேன். ஈரம் உள்ளே இருக்கும்போது முகத்தை மூடினால் அது வேறு வழியால் வெளியே வரும், கறையையும் கூட்டிக்கொண்டு வரும்.

எறிந்தவை ஏழு, றோலரால் நான் கெடுத்தவை நாலு. இந்தப் பதினொன்றுக்கும் ஈடாகப் பக்கத்துச் சாமான் அறைச் சீலிங்கில் இருந்து அதே மாதிரிச் சீற்றுகளைக் கழற்றி எடுத்தோம். அங்கே நான் கெடுத்த நாலையும், துளை இல்லாத ஜிப்சம் சீற் ஏழையும் வைத்தோம். கதிரை அடுக்குகிற அறைக்கு எதிரொலி வந்தால் என்ன? மூலை உடைந்த சீற்றுகளுக்கு, எறிந்த சீற்றை நுணுக்கிய தூளோடு மரப்பசை குழைத்துச் சாந்துபோல வைத்தோம். காய்ந்த பிறகு தடவினால்கூடத் தெரியவில்லை.

சரி, கறைக்கு வருவோம். பூஞ்சணம் பிடித்த ஆறேழு சீற்றில் மட்டும் பிளீச்சை நாலு மடங்கு தண்ணீரில் கலந்து மெல்லியதாக விசிறி, ஒரு நாள் காயவிட்டேன். கரும்புள்ளி போனது. மழை வளையமும் கொஞ்சம் வெளிறியது, ஆனால் போகவில்லை. இனி என்ன செய்வது என்று நான் நின்றபோது வழி சொன்னவர் நிலையத்துக்குப் பக்கத்தில் தளபாட வேலை செய்கிற ஒரு ஐயா. நான் றோலரால் அடித்த சீற் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, உதுக்கு மேல தண்ணிப் பெயின்ற் அடிச்சா கறையும் தண்ணியில கரைஞ்சு மேல வரும். இடையில ஒரு பூட்டுப் போட வேணும்."

"என்ன பூட்டு ஐயா?"

"மேசைக்குப் பொலிஷ் போடுறமே, அந்த அரக்கு. அது ஸ்பிறிற்றில கரையும், தண்ணியில கரையாது."

வெளிநாடுகளில் கறை மூடுவதற்கென்றே அரக்கில் வெள்ளைச் சாயம் கலந்து ரின்னில் விற்கிறார்கள். மாங்குளத்தில் நான் கேட்ட கடைகளில் அது இல்லை. ஆனால் பொலிஷ் வேலைக்கு விற்கிற அரக்குச் செதில் இருந்தது, மெதிலேற்றட் ஸ்பிறிற்றும் இருந்தது. ஒரு லீற்றர் ஸ்பிறிற்றுக்கு 120 கிராம் செதில் போட்டு, கண்ணாடிப் போத்தலில் ஒரு இரவு முழுக்க வைத்து, இடைக்கிடை குலுக்கினோம். காலையில் நல்ல தேத்தண்ணி நிறத்தில் கரைந்திருந்தது, அடியில் மெழுகு மாவாக இறங்கியிருந்தது. அடியைக் கலக்காமல் மேல் தெளிவை மட்டும் பழைய வேட்டித் துண்டால் வடித்து எடுக்கச் சொன்னார் ஐயா. மெழுகு சேர்ந்தால் அதன் மேல் போகிற பெயின்ற் சரியாகப் பிடிக்காதாம்.

இதைச் சின்னக் கைவிசிறியால் கறையின் மேல் மட்டும், வளையத்தைத் தாண்டி ஒரு அங்குலம் வரை, பனி விழுவதுபோல விசிறினேன். பத்து நிமிசம் விட்டு இன்னொரு தரம். அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிட்டது. துளை அடைபடவில்லை, நனைந்த இடம் சற்று மினுங்கியது, அவ்வளவுதான். இந்த வேலையை வெளியில், முற்றத்தில்தான் செய்தோம். ஸ்பிறிற் ஆவி ஒரு நெருப்புப் பொறிக்குக் காத்திருக்கும். பக்கத்தில் அடுப்பு, பீடி, நுளம்புத்திரி எதுவும் கூடாது.

பூட்டு வேலை செய்கிறதா என்று பார்க்க, இரண்டு சீற்றை எடுத்தேன். ஒன்றுக்கு அரக்கு போட்டு அதன் மேல் எமல்சன், மற்றதுக்கு நேரே எமல்சன். மூன்று நாள் பொறுத்தேன். அரக்கு போட்டது வெள்ளையாகவே இருந்தது. மற்றதில் வளையம் வந்துவிட்டது.

அடுத்தது வெள்ளைப் பூச்சு. இந்த வகைச் சீற்றுக்கென்றே செய்கிற பூச்சு உண்டு. அதில் வெள்ளைத் தூள் கூட, பசை குறைவு. தெளித்துக் காயும்போது துளையின் வாயில் தோல் கட்டாமல் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். எனக்குக் கிடைத்தது கடையில் விற்கிற, மினுக்கம் இல்லாத சீலிங் எமல்சன்தான். அதைத் தடிப்பாக அடித்தால் பாலில் ஆடை படர்வதுபோலத் துளைக்கு மேல் தோல் கட்டும். அதனால் நாலு பங்கு பெயின்றுக்கு ஒரு பங்குக்கு மேலே தண்ணீர் விட்டு இளக்கி, நைலோன் துணியால் இரண்டு தரம் வடித்தேன். இளக்கியதற்குக் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் பாவிக்கவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் சுண்ணாம்பு கட்டுகிற தண்ணீர். குடிக்க வாங்குகிற ஆர்.ஓ. (வடிகட்டிய) தண்ணீரில் ஒரு கானை இதற்கு ஒதுக்கினேன்.

மோட்டார் சைக்கிளுக்குப் பெயின்ற் அடிக்கிற தம்பி ஒருவர் கொம்பிறஷரும் ஸ்பிறே கன்னும் இரவல் தந்தார். தந்ததோடு நில்லாமல் ஒரு காலை முழுக்க வந்து நின்றார். 1.4 மில்லிமீற்றர் வாய், காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐ அளவில். சீற்றுக்கும் கன்னுக்கும் ஒரு சாண் தூரம். ஒரு கோடு அடித்தால் அடுத்த கோடு அதில் பாதியை மூட வேண்டும். சீற்றின் ஓரத்துக்கு வெளியே தொடங்கி, ஓரத்துக்கு வெளியே முடிக்க வேண்டும்.

"அண்ணை, கையை நிப்பாட்டாதேங்கோ. நிப்பாட்டின இடத்தில குளம் கட்டும்."

நான் நிறுத்தினேன், குளம் கட்டியது. முதல் மூன்று சீற்றில் அப்படித்தான் போனது. ஈரமாக இருக்கும்போதே அதைத் துடைக்கப் போகக் கூடாது, தோல் உரியும். காய்ந்த பிறகு குண்டூசியால் அடைபட்ட துளைகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒரு சீற்றுக்கு ஒரு மணித்தியாலம் போனது. நாலாவது சீற்றில் இருந்து கை தானாக ஓடத் தொடங்கியது.

முதல் பூச்சை நீளப்பாட்டுக்கு அடித்து, காய்ந்த பிறகு சீற்றைக் கால்வாசி திருப்பி, குறுக்குப்பாட்டுக்கு இரண்டாவது. ஒரே திசையில் இருந்து மட்டும் அடித்தால் துளைக்குள் ஒரு பக்கச் சுவர் வெள்ளையாகவும் மறுபக்கம் பழைய நிறத்திலும் இருக்கும். பூட்டி முடிந்த பிறகு யன்னல் வெளிச்சத்தில் ஒரு சீற் கறுப்பாகவும் பக்கத்துச் சீற் வெளுப்பாகவும் தெரியும்.

ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் நான் செய்த சோதனை ஒன்றுதான். சீற்றைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, டோர்ச்சை அதன் ஓரத்தோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு துளையும் ஒரு குட்டி நிழல் போடும். நிழல் கறுப்பாக, கூராக இருந்தால் துளை திறந்திருக்கிறது. நிழல் மங்கி, பள்ளம்போல வெள்ளையாகத் தெரிந்தால் தோல் கட்டியிருக்கிறது. தராசும் உதவியது. ஒரு பூச்சுக்கு ஈரத்தில் 40 கிராம் ஏற வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். 60 தாண்டிய சீற்றுகளில்தான் துளை அடைபட்டது. இரண்டு பூச்சும் காய்ந்த பிறகு ஒரு சீற்றுக்குக் கூடிய நிறை 35 கிராம் அளவு. சட்டத்துக்கு அது ஒரு பாரமே இல்லை.

எங்களை ஆக அலைக்கழித்தது சோழகம். ஆவணி மாதம், பத்து மணிக்குப் பிறகு காற்று எழும்பிச் செம்மண் தூசியை முற்றம் முழுக்க அள்ளிக் கொட்டும். முதல் நாள் பதினொரு மணிவரை அடித்ததில் பத்துச் சீற்றுக்கு மேல் செந்தூள் ஒட்டிவிட்டது. இன்னொன்றும் நடந்தது. அந்த வெக்கையில் பெயின்ற் துளி சீற்றில் விழுமுன் காற்றிலேயே காய்ந்து, தடவினால் மணல்போலச் சொரசொரத்தது, விரலில் மாவாக ஒட்டியது. அதற்குப் பிறகு விடிய ஐந்தரைக்குத் தொடங்கி எட்டரையோடு நிறுத்தினோம். மூன்று பக்கமும் தறப்பாள் கட்டினோம். நாளைக்குப் பதினைந்து, பதினெட்டுச் சீற்றுக்கு மேல் போகவில்லை. ஆறு காலைகள் எடுத்தது. நாலு லீற்றர் ரின் இரண்டு வாங்கினோம், ஒரு லீற்றரளவு மிஞ்சியது.

கறை இல்லாத சீற்றுகளுக்கும் ஏன் அடிக்க வேண்டும் என்று கேட்டார்கள். புது வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்தால்தான் பழையது எவ்வளவு மஞ்சளாகப் போயிருக்கிறது என்று தெரியும். அவற்றுக்கு அரக்கு தேவையில்லை, நல்ல மெல்லிய வெள்ளை மட்டும் போதும்.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. துருப் பிடித்த இடங்களை மெல்லிய அரத்தாளால் தேய்த்து, துரு தடுக்கிற பூச்சு ஒன்றும் வெள்ளை எனாமல் ஒன்றும் தூரிகையால் கொடுத்தோம். இதை விட்டால் துருச் சொட்டி அடுத்த கறை அங்கிருந்துதான் தொடங்கும்.

சீற்றுகள் வெளியில் இருந்த இரண்டு கிழமையும் வகுப்பு நிற்கவில்லை. ஓட்டுக்கும் சீமெந்துத் தரைக்கும் நடுவில் மண்டபம் வெறுமையாக இருந்தது. கை தட்டினால் சத்தம் ஒரு முறை சுற்றி வந்துதான் ஓய்ந்தது. முன்பள்ளி ரீச்சருக்கு மூன்றாம் நாளே தொண்டை கட்டிவிட்டது. அந்தத் தங்கச்சி முதல் சனிக்கிழமை ரீச்சரின் மேசையோடு கதிரையை ஒட்டிப் போட்டு இருந்தா. இரண்டாவது சனிக்கிழமை வரவேயில்லை. அதைக் கேட்ட பிறகு நாங்கள் கையைக் கெதியாக்கினோம்.

பூட்டி முடித்த சனிக்கிழமை நான் வேண்டுமென்றே வாசலில் நின்றேன். அவ உள்ளே வந்து, முன்பு விளங்கவில்லை என்று சொன்ன அதே யன்னல் பக்கம் போய் இருந்தா. ரீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றபடியே ஏதோ சொன்னா. வகுப்பு முடிந்து வெளியே வரும்போது நான் கேட்டேன்.

"எப்படி இருக்கு?"

"திரும்பி நிண்டு கதைச்சாலும் சொல் சொல்லா வருது அண்ணா. முந்தி வாயைப் பார்த்துத்தான் விளங்கிறனான்."

வெளிச்சமும் கூடியிருக்கிறது. போனால் அளந்து பார்த்தேன்: அதே போன், அதே மேசை, அதே லைற்றுகள். முன்பு 140 லக்ஸ் (வெளிச்ச அளவு) காட்டியது, இப்போது 190 காட்டுகிறது. வாசிகசாலைக்கு வருகிற வயதான ஐயாமார் பேப்பரைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போவது நின்றுவிட்டது. முன்பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் ஆமை போனதில் கொஞ்சம் கவலை.

ஐப்பசி மழை தொடங்கியதும் ஒவ்வொரு நாளும் காலையில் போய் அண்ணாந்து பார்த்தேன். கார்த்திகையில் நாலு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு ஈ-7 இல் கைநகம் அளவு மஞ்சள் தெரிந்தது. கழற்றிப் பார்த்தேன். முதுகு நனைந்திருந்தது. அரக்கு முகத்தில் இருக்கிற பழைய கறையைத்தான் பூட்டும், முதுகால் வருகிற புதுத் தண்ணீரை அது தடுக்காது. மேலே ஏறினால், நாங்கள் சாந்து போட்ட முகட்டு ஓட்டுக்கு மறுபக்கம் புதிதாக ஒரு ஓடு விலகியிருக்கிறது, பக்கத்தில் குரங்கு கடித்துப் போட்ட கொய்யாக்காய். ஓட்டை அன்றைக்கே சரிசெய்தோம். மற்ற 91 சீற்றும் வெள்ளையாகவே இருக்கின்றன.

ஈ-7 ஐ விறாந்தைப் பலகையில் கிடத்தியிருக்கிறேன். இன்று காலை நிறுத்தபோது 1.5 கிலோவுக்குச் சற்று மேலே காட்டியது. இன்னும் மூன்று நாள் காயட்டும். அரக்குப் போத்தலில் இரண்டு விரற்கடை அளவு மிச்சம் இருக்கிறது, இந்த ஒரு சீற்றுக்கு அது போதும்.